தோல் நிறத்தில் ஒரு ஹேண்ட்ஃப்ரீ

என்னுடைய இரண்டு காதுகளும் நன்றாகக் கேட்கும். இப்படி ஒரு வசனத்தை எழுதித் தொடங்கவேண்டிய நிலைமை இந்த நாட்டில் வேறு எந்தப் பெண்ணுக்கும் வந்திருக்காது. எனக்கு வந்தது. நிந்தவூரில் ஒரு தெரு முழுக்க இன்றைக்கும் எனக்குக் காது கேளாது என்று நம்பிக்கொண்டிருக்கிறது. நல்ல மனதோடு நம்புகிறார்கள், அதுதான் கொடுமை. திட்டினால் திருப்பித் திட்டலாம். பரிதாபப்படுகிறவர்களை என்ன செய்வது?

சுனாமி எங்கள் கல்முனைக்குடி வீட்டை அத்திவாரம் மட்டும் மிச்சம் வைத்து எடுத்துக்கொண்டு போன பிறகு, பல தற்காலிக கொட்டில்கள் மாறி, கடைசியில் ஒரு பாதி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பாதி வீடு என்றால் சுவர் உண்டு, பூச்சு இல்லை. கதவு உண்டு, பூட்டு இல்லை. அறைக்கும் அறைக்கும் நடுவில் உம்மாவின் பழைய சாரிதான் தொங்கியது. ஏழு பேர். பக்கத்து வளவில் நாள் முழுக்கக் கல் அறுக்கும் மெஷின். கிழக்கில் சண்டை ஓய்ந்துவிட்டது, வடக்கில் இன்னும் முடியவில்லை என்பதால் வாப்பா மணிக்கு மணி செய்தி கேட்பார். அவருடைய வானொலியில் கிரிக்கெட்டுக்கு இடமே கிடையாது.

எனக்கோ கிரிக்கெட் இல்லாவிட்டால் சோறு இறங்காது. நிவாரண நிறுவனம் ஒன்றில் வீட்டுப் பட்டியல் டைப் அடிக்கும் வேலை எனக்கு. முதன்முதலாகச் சொந்தமாக ஒரு போன் வாங்கியிருந்தேன். அந்தப் போனில் வானொலி இருந்தது. ஆனால் ஹேண்ட்ஃப்ரீயைச் செருகினால்தான் அது வேலை செய்யும். (காதில் மாட்டுகிற வயர் எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் ஹேண்ட்ஃப்ரீ என்றுதான் பெயர்.) போனோடு வந்தது சட்டைப் பொத்தான் மாதிரித் தட்டையான ஒன்று. பர்தாவுக்குள் அதை மாட்டினால் ஐந்து நிமிடத்தில் வழுக்கிக் கழுத்துக்குள் விழுந்துவிடும். பிறகு என் கழுத்துதான் வர்ணனை கேட்கும். எனக்கு ஒன்றும் கேட்காது, பக்கத்தில் இருப்பவர்களுக்கோ எல்லாம் கேட்கும்.

ஆகவே காதுக்குள்ளேயே இறங்கி உட்கார்கிற, ரப்பர் முனை வைத்த புது மாதிரி ஒன்றை வாங்குவது என்று தீர்மானித்தேன். ஒரு கலியாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். (என் கலியாணத்துக்கு நான் யோசிக்கவில்லை என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.) எனக்கு மூன்று நிபந்தனைகள். விழக்கூடாது. சத்தம் வெளியே கசியக்கூடாது. ஒருவர் கண்ணிலும் படக்கூடாது. ஒலி எப்படி இருக்க வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை. ஒளிப்பதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் புத்திக்குத்தான் இன்றைக்கு வரைக்கும் அனுபவிக்கிறேன்.

கல்முனை பஸாரில் போன் சாமான் விற்கும் காக்கா (எங்களுக்கு அண்ணன் முறை) ஒருவர் இருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லாவற்றையும் பூட்டி வைத்திருப்பார்.

"போட்டுப் பாக்கலாமா காக்கா?"

"ஏலா மகள். காதுக்குள்ள போன சாமான மறுகா யாரு வாங்குவா?"

"செருப்புக் கடையில போட்டுப் பாக்க விடுறாங்கதானே?"

"காலும் காதும் ஒண்டா?"

"அப்ப அளவு எப்படிப் பாக்கிற?"

"காது எல்லாருக்கும் ஒரே அளவுதான்," என்றார் அந்த மனிதர், ஆயிரம் காதை அளந்தவர் மாதிரி.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவர் விட்டிருந்தாலும் எனக்கு வேறொரு சிக்கல் இருந்தது. ஆண்கள் என்றால் அங்கேயே நின்று மாட்டிப் பார்ப்பார்கள். நான் எப்படிப் பர்தாவை விலக்கி நடுக் கடையில் காதைக் காட்டுவது? இந்த உலகத்தில் இந்தச் சாமானைச் செய்தவர்களில் ஒருவராவது எங்களை நினைத்திருப்பார்களா? மூன்று கிழமை, வாரம் தவறாமல், அந்தக் கடைக்கு நடந்தேன். முதற்கிழமை கறுப்பு, வெள்ளை. இரண்டாம் கிழமை வயரின் நீளம். மூன்றாம் கிழமை காக்கா என்னைத் தூரத்தில் கண்டதும் உள்ளே போய்த் தேநீர் குடிக்கத் தொடங்கினார்.

கடைசியில் அவர் தோற்றார். "இந்தா மகள், மூணையும் கொண்டு போங்க. பக்கத்துப் புடவைக் கடையில உடுப்பு மாத்திற அறை இரிக்கி. போட்டுப் பாத்திட்டு ஒண்ட எடுத்திட்டு ரெண்டத் தாங்க. துடைச்சித் தாங்க," என்றார். புடவைக் கடைக்காரர் நான் ஒரு துணியும் எடுக்காமல் நேரே உள்ளே போவதை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகச் செருகித் தலையை ஆட்டினேன், குனிந்தேன், தொழுகையில் ஸுஜூதுக்கு நெற்றியை நிலத்தில் வைப்பது மாதிரி இறங்கிக்கூடப் பார்த்தேன். முதலாவது விழுந்தது. இரண்டாவது காதைக் கிழித்தது. மூன்றாவது அசையவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு உண்மை தெரிந்தது. என் வலது காது நடுத்தரம், இடது காது சிறியது. பெட்டிக்குள் இருந்த ரப்பர் முனைகளில் அளவுக்கு ஒன்றாகப் பொருத்தினேன். காது எல்லாருக்கும் ஒரே அளவு இல்லை என்று காக்காவிடம் வெற்றியோடு அறிவித்தேன். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அவர், நான் போகிற சந்தோசத்தில்.

நான் தெரிவு செய்தது தோல் நிறம். வயரும் தோல் நிறம். கறுப்பும் வெள்ளையும் கழுத்தோரத்தில் தெரிந்துவிடும், இது தெரியாது. மாட்டிக்கொண்டால் என் உடம்பில் ஒரு உறுப்பு மாதிரியே இருந்தது. அதைவிட அதன் பெரிய குணம், வெளிச் சத்தத்தை அப்படியே அடைத்துவிடும். கல் மெஷின் இல்லை. வாப்பாவின் செய்தி இல்லை. உம்மா என்னைக் கூப்பிடும் சத்தமும் இல்லை. "இந்தப் புள்ளைக்குக் கூப்பிட்டாலும் கேக்குதில்ல," என்று உம்மா தெருவில் உள்ளவர்களிடமெல்லாம் முறையிடத் தொடங்கினார். நான் அதையும் கேட்கவில்லை.

சோதனைச் சாவடியில் ஒரு நாள் பஸ்ஸை நிறுத்தினார்கள். சிப்பாய்ப் பெண் ஒருத்தி என் பையைக் கிளறி அந்த வயரைத் தூக்கிப் பிடித்து இது என்ன என்றாள். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுக்கக் கிரிக்கெட் வர்ணனையில் படித்தது. எனவே பேசாமல் அவளுடைய காதில் ஒன்றை வைத்துக் காட்டினேன். ஸ்கோர் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு தந்தாள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தச் சாமான் என்னவென்று நாட்டின் பாதுகாப்புப் படைக்கு அரை நிமிடத்தில் விளங்கியது. என் மாமிக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மாமி அப்போது மாமி ஆகவில்லை. நிந்தவூரில் இருந்து வந்த சம்பந்தத்தில் மாப்பிள்ளையின் உம்மா, அவ்வளவுதான். மாப்பிள்ளை நவாஸ், பள்ளிக்கூட ஆசிரியர். அவரை நான் ஒருமுறை கண்டிருந்தேன். அவருடைய உம்மாவின் விலாசத்தை நான் பட்டியலில் பிழையாக அடித்துவிட்டேன் என்று திருத்த எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். அன்று அங்கே வந்த அத்தனை பேரும் மேசையில் அடித்துச் சத்தம் போட்டார்கள். இவர் மட்டும் வரிசையில் நின்று, முறை வந்ததும், "கரைச்சல் தாறதுக்குக் கோவிக்காதீங்க," என்றார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அப்படியானால் வருவதற்கு ஒரு வீடு வேண்டும். எங்களிடம் இருந்தது பாதி. அதைப் பார்த்தே மூன்று சம்பந்தங்கள் வாசல் படலையோடு திரும்பியிருந்தன. இந்த மனிதர், பாதி வீடு போதும், நான் வேலையையும் விடத் தேவையில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். இனி அவருடைய உம்மா வந்து பெண்ணைப் பார்த்துச் சம்மதிக்க வேண்டும். அது தவறினால் இன்னொரு நவாஸ் வர மாட்டார் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

நன்றாகத் தெரிந்தவள் அன்றைக்கு என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

மஃரிபுத் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேட்ச் ஐந்தரைக்குள் முடிந்துவிடும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். உடுத்து, பர்தா கட்டி, உள்ளே ஹேண்ட்ஃப்ரீயை மாட்டி, போனை இடுப்பில் சொருகிக்கொண்டு கடைசி ஓவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் அஸர் தொழுதுவிட்டு ஐந்து மணிக்கே வந்து இறங்கிவிட்டார்கள். சாரித் திரையை விலக்கிக்கொண்டு உம்மா வந்து என் கையைப் பிடித்து இழுத்தபோது எங்களுக்கு இன்னும் பதினெட்டு ஓட்டங்கள் வேண்டும், பன்னிரண்டு பந்துகள் இருந்தன.

கழற்றியிருக்கலாம். ஒரு இழுப்பு, ஒரு விநாடி. வலது காதில் இருந்ததைக் கழற்றவும் செய்தேன். இடது காதில் இருந்ததை விட்டேன். ஒருவர் கண்ணிலும் படாது, மூன்று கிழமை தேடி எடுத்த சாமான் என்ற திமிர்.

மாப்பிள்ளையும் கூட வந்த ஆண்களும் வாப்பாவோடு வெளியே வேனடியில் நின்றார்கள். மாமியும் மாப்பிள்ளையின் தங்கச்சியும் உள்ளே வந்தார்கள். மாமி பெரிய உடம்பு, பெரிய மனது, மெல்லிய குரல். அந்த மெல்லிய குரலோடு வந்து எனக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தார்? இடது பக்கம். பாயில் அவ்வளவு இடம் கிடந்தது.

அவர் கேட்டது ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. நான் எல்லாவற்றுக்கும் சிரித்துத் தலையாட்டினேன். (பிறகு உம்மா சொல்லித்தான் தெரியும். சமைக்கத் தெரியுமா என்றதற்குத் தலையாட்டினேனாம், சரி. ஏதாவது தீராத நோய் வருத்தம் இருக்கிறதா என்றதற்கும் தலையாட்டினேனாம். முதலில் வேறு இடத்தில் கலியாணம் பேசி நின்றுபோனதா என்றதற்கு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தேனாம்.) கடைசிக்கு முந்திய பந்தில் எங்கள் ஆள் ஆறு அடித்தார். நான் கையைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ்," என்றேன். அந்த நேரம் சபையில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பார்க்க வருகிற பெண்கள் பர்தாவை விலக்கி முடியைப் பார்ப்பார்கள். நான் அதை மறந்தே போனேன். மாமியின் கை என் தலைக்கு வந்தது, பர்தா விலகியது, இடது காது வெளியே வந்தது. தோல் நிறத்தில் ஒரு ரப்பர் முனை, அதிலிருந்து தோல் நிற வயர் கழுத்துக்குள் இறங்கிப் போகிறது.

மாமி முடியைப் பார்க்கவே இல்லை. பர்தாவை இழுத்து மூடினார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"தங்கச்சி," என்று என் உம்மாவிடம் மெதுவாகக் கேட்டார், "புள்ளைக்குக் காது கேக்காதா? மெஷின் மாட்டியிரிக்கி?"

என் வலது காது சும்மாதான் இருந்தது, அது நன்றாகக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். உம்மா என் காலை மிதித்தார். உம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழுக் கணக்கு ஓடி முடிந்ததை நான் கண்டேன். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஓம் ராத்தா. சுனாமித் தண்ணி காதுக்குள்ள போனதுதான். மறைக்கோணும் எண்டு நினைக்கல்ல."

என் பெற்ற தாய். சுனாமி அன்று நான் சம்மாந்துறையில் சாச்சி வீட்டு மாடியில் இருந்தேன். என் காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போகவில்லை.

மாமி எழுந்து என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தார். அந்த மெல்லிய குரலுக்குள் இவ்வளவு சத்தம் எங்கே இருந்ததோ தெரியாது. "மகள், பயப்படாத. அல்லாஹ் இரிக்கான்," என்று கத்தினார். வேனடியில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்களாம். என் நல்ல காது அன்று முழுக்க இரைந்துகொண்டிருந்தது.

அவர்கள் போனதும் நான் ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் மூச்சு வாங்குகிறது.

"என்னத்துக்கு உம்மா அப்படிச் சொன்னீங்க? நல்லா கேக்கிற புள்ளைய."

"வேற என்னத்தச் செல்ல? போன் எண்டு செல்லவா?" என்றார் உம்மா, அரிசி புடைத்தபடி. "பொண்ணு பாக்க வந்த நேரம் காதுக்குள்ள போன மாட்டிட்டு ஒரு கொமர்ப்புள்ள சிரிச்சிக்கிட்டு இரிந்தா, எவனோடயோ கதைக்காள் எண்டுதான் செல்வாங்க. கிரிக்கெட் எண்டா யாரு நம்புவா?"

"அதுக்குச் செவிடாக்கிறதா?"

"செவிட்டுப் புள்ளைக்கு மாப்புள வரும். போன்காரிக்கு வரா."

அந்தக் காலத்து ஊர் நியாயத்தில் உம்மா சொன்னது முழுக்கச் சரி. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாம் நாள் சம்மதம் வந்தது. "அல்லாஹ் தந்த சோதினை. என்ட மகன் கண்ணுக்குள்ள வெச்சிப் பாத்துக்குவான்," என்று மாமி சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம். நான் மட்டும் அழுதேன். நான் ஆசைப்பட்ட மனிதர் எனக்குக் கிடைக்கிறார், ஆனால் நன்மை தேடிக் கட்டுகிறார். ஏழை எளியவருக்குக் கொடுக்கும் ஸதகா மாதிரி என்னை ஏற்றுக்கொள்கிறார். எனக்கு அது வேண்டாம். எனக்கு அவர் என்னையே விரும்பி வர வேண்டும், இரண்டு காதோடும்.

அதற்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. உள்ளிப்பூடு காய்ச்சிய எண்ணெய் ஒரு வீட்டிலிருந்து வந்தது. ஓதிய தண்ணீர் இன்னொரு வீட்டிலிருந்து. அலுவலகத்தில் என் மேலதிகாரி கையால் சைகை காட்டி வேலை சொல்லத் தொடங்கினார். பொறுக்க முடியாமல் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் காது வைத்தியரிடம் போனேன்.

"என்ன கரைச்சல்?" என்றார்.

"கரைச்சல் ஒண்டும் இல்ல டொக்டர். நல்லா கேக்குது."

"அப்ப ஏன் வந்த நீங்க?"

"நல்லா கேக்குது எண்டு எழுதித் தாங்க."

அவர் பேனையை வைத்துவிட்டார். தன் தொழிலில் இப்படி ஒருத்தியைக் கண்டதில்லை என்றார். ஆனாலும் சோதித்து, இரு செவிகளும் பூரண சுகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தித் தந்தார். அதை வாப்பாவின் கையில் கொடுத்து நிந்தவூருக்கு அனுப்பினேன். வாப்பா திரும்பி வந்த முகத்தைப் பார்த்ததுமே விளங்கியது.

"அந்த மனிசி வாசிச்சிட்டு அழுதிட்டா," என்றார் வாப்பா. "காது நல்லாயிரிக்கிற எவளாவது டொக்டர்ட்ட துண்டு எழுதி எடுப்பாளா, பாவம் புள்ள எங்களுக்காக மறைக்கப் பாக்குது எண்டு செல்றா."

இதற்குப் பிறகு ஒரு மனிதப் பிறவி வேறு என்னதான் செய்ய முடியும்? கலியாணம் நடந்தது. நிக்காஹ் அன்று என் சம்மதத்தைக் கேட்க வந்தவர்கள் மூவரும் என் வலது காதுக்குள் குனிந்து கத்தினார்கள்.

அடுத்த நாள் காலையில், தேநீர்க் கோப்பையை அவர் கையில் கொடுத்த கையோடு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஹேண்ட்ஃப்ரீ, கடைசி ஓவர், உம்மா சொன்ன பொய், வைத்தியரின் துண்டு. இஷ்டமில்லாவிட்டால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னேன். 

நவாஸ் ஆற அமர ஒரு மிடறு குடித்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"அண்டைக்கு நாங்க வேன் ரேடியோவில அந்த மேட்ச்தான் கேட்டுக்கிட்டு இரிந்த. சிக்ஸ் அடிச்ச நேரம் எல்லாரும் கத்தின. திரும்பிப் போகக்குள்ள உம்மா செல்றா, புள்ளைக்குக் காது கேக்காட்டியும் வெளிய ஆம்புளையள் சந்தோசப்பட்டது மனசுக்குத் தெரிஞ்சிரிக்கி, அந்த நேரம் பாத்துக் கையப் பொத்தி அல்லாஹ்வ நினைச்சிச்சி எண்டு." கோப்பைக்குள் சிரித்தார். "எனக்கு விளங்கிட்டு."

"அப்ப ஏன் உங்கட உம்மாக்குச் செல்லல்ல? மாசக்கணக்கா ஊரெல்லாம் என்ட காதுக்குள்ள கத்துது."

"செல்லியிருந்தா நீங்க இண்டைக்கு எனக்குத் தேத்தண்ணி தர மாட்டீங்க. உம்மா வேற இடத்தில, முழு ஊடு இரிக்கிற இடத்தில மனசு வெச்சிட்டுத்தான் வந்த. உங்கட காதக் கண்டுதான் மாறின."

 என் அறிவுக்கோ, வேலைக்கோ, மூன்று கிழமை தேடி ஒரு பொருளைத் தெரிவு செய்த பொறுமைக்கோ ஒருவரும் மதிப்புத் தரவில்லை. என்னிடம் இல்லாத ஒரு குறைக்காக என்னை மருமகளாக்கினார்கள். கோபத்தில் அவருடைய கோப்பையைப் பறித்து மிச்சத் தேநீரை நானே குடித்தேன். ஆனால் இந்த மனிதர் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வந்தார் என்று உள்ளே ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது.

மாமியிடம் உண்மையைச் சொல்ல எத்தனையோ முறை முயன்றுவிட்டேன். ஒவ்வொரு முறையும் என் கன்னத்தைத் தடவி, "உனக்கு ஒரு குறையும் இல்ல மகள்," என்று உரத்துச் சொல்வார். என் பிள்ளைகளுக்கு இது பெரிய விளையாட்டு. நான் ஏதாவது வேலை சொல்லி அவர்கள் கேட்காத மாதிரி இருந்தால், "சுனாமித் தண்ணி உம்மா," என்று காதைத் தொட்டுக் காட்டுவார்கள்.

இப்போது மாமிக்கு வயது போய்விட்டது. உண்மையாகவே காது மந்தம். அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார், எல்லோரும் முணுமுணுக்கிறார்கள் என்பார். போன பெருநாளைக்கு எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். அவரைப் பார்க்க நிந்தவூரில் இருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். நான் மாமிக்குப் பக்கத்தில் நின்று, "மாமி, தேத்தண்ணிக்குச் சீனி போடவா?" என்று கேட்டேன். மெதுவாகக் கேட்டால் அவருக்கு விளங்காது, அதனால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கேட்டேன்.

மாமி வந்தவர்களிடம் குனிந்து, தன் கணக்கில் மெதுவாக, ஊர் கேட்கச் சொன்னார்: "பாவம், காது கேக்காதவங்க இப்படித்தான் சத்தமாக் கதைப்பாங்க. நாமதான் பொறுத்துக்கோணும்."

இரண்டு பெண்களும் கண் கலங்கத் தலையாட்டினார்கள். ஒருத்தி எழுந்து வந்து என் வலது காதுக்குள், "சுகமா இரிக்கீங்களா?" என்று அடித் தொண்டையால் கத்தினாள். நானும், "நல்ல சுகம்," என்று அவளைவிடச் சத்தமாகக் கத்தினேன். மாமிக்கும் கேட்க வேண்டுமே.